ஒரே பட்டையில் இரண்டு வெயில்

மூன்றாவது நிறப்பட்டை கொம்பியூட்டர்த் திரையில் வந்து விழுந்ததும் வினாயகமூர்த்தி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"பாருங்க சேர். இப்பதான் வந்திருக்கு. உசிரோடதான் இருக்காள்."

சிவதர்ஷன் எழும்பவில்லை. முதல் பட்டைக்கு எழும்பினான். அது அவனை வாழைச்சேனைத் துறைமுகத்தில் பகல் முழுக்க மீன் பெட்டிகளுக்கிடையில் நிற்கவைத்தது. இரண்டாவதுக்கும் எழும்பினான். களுவன்கேணிக் கடற்கரை மணல் இன்னும் அவன் சப்பாத்துக்குள் கிடந்தது. இந்த முறை எழும்புவதற்கு முன் யோசிப்பது என்று வைத்திருந்தான்.

"முதல் நாள் மீன் நாத்தம், மறுநாள் கருவாட்டு நாத்தம்," என்றார் வாசற்படியில் நின்ற சீனித்தம்பி. "இண்டைக்கு என்ன நாத்தம் மனே?"

சீனித்தம்பி ஓட்டோ ஓட்டுபவர். சிவதர்ஷனின் துப்பறியும் நிறுவனத்தில் அவர்தான் வாகனம், உதவியாளர், வாய். நிறுவனத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் சிவதர்ஷன்.

வழக்கு இவ்வளவுதான். நாவற்குடாவில் வாவியைப் பார்த்த இந்த வீட்டிலிருந்து மூர்த்தியின் மனைவி கஜானி ஞாயிற்றுக்கிழமை வெளியே போனவள் திரும்பவில்லை. சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டாள் என்றார் மூர்த்தி. மனம் சரியில்லாதவள் என்றார். வாவி பக்கத்தில் கிடக்கிறது, கண்ணை மூடினால் தண்ணீர்தான் தெரிகிறது என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் சிவதர்ஷன் இந்த வழக்கை எடுத்தான்.

கஜானி காத்தான்குடியில் உள்ள ஒரு நெசவுக் கொட்டகைக்குச் சேலை நிறங்கள் அமைத்துக் கொடுப்பவள். அவளது வேலைமுறை எளிது. கண்ணில் படுவதைப் படம் பிடிப்பாள். படம் திருத்தும் மென்பொருளில் அதைத் திறந்து, சொட்டுக்குழாய் போன்ற ஒரு கருவியால் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிறங்களை உறிஞ்சி எடுப்பாள். எடுத்தவற்றை ஒன்றுக்குள் ஒன்று கரைகிற மாதிரி ஒரு பட்டையில் அடுக்குவாள். கிரேடியன்ட் என்பார்கள். ஒருமுறை சேமித்துவிட்டால் அதை எந்தச் சேலைக்கும் எந்தக் கரைக்கும் மறுபடி மறுபடி ஊற்றலாம். படம் தேவையில்லை. படத்தை அழித்தாலும் பட்டை நிற்கும்.

அவள் தன் கைக்கணினியை, டெப்பை மட்டும் கொண்டு போயிருந்தாள். டெப்பும் வீட்டுக் கொம்பியூட்டரும் ஒரே இணையக் கணக்கில் இயங்குபவை. எனவே அவள் எங்கேயோ இருந்து சேமிக்கும் பட்டை இங்கே வந்து விழுந்தது. நிறம் மட்டும் வந்தது. படம் வரவில்லை. இடம் வரவில்லை. இவ்வளவு வினோதமான, இவ்வளவு எரிச்சல் மூட்டுகிற துப்பு சிவதர்ஷனுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

சீனித்தம்பி உள்ளே வந்து திரையின் ஓரத்தில் இருந்த பழைய பட்டைகளின் பெயர்களை வாசித்தார். "கோழிக்கொண்டை. அவிச்ச இறால். கருவாட்டு வால். வெத்திலைக் காம்பு. பழைய சாறன்." நிறுத்தினார். "உடுக்கிற சாறன் வரைக்கும் நல்லாப் பசிச்சுது."

"புதுசு மூண்டுக்கும் பேர் இல்லை," என்றான் சிவதர்ஷன்.

"ஓடிப்போன ஆளுக்குப் பேர் வைக்க எங்க நேரம்?" என்றார் மூர்த்தி. "சேர், சுறுக்காச் சொல்லுங்க. இது எந்த இடம்? வெள்ளிக்கிழமைக்கு முதல் அவ வீட்டில நிக்கோணும்."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"கோயில் விஷயம் ஒண்டு." மூர்த்தி முகத்தைத் துடைத்தார். "பொஞ்சாதி இல்லாத வீடு எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்கு விளங்காது சேர்."

சீனித்தம்பி திடீரென்று கூரையை ஆராயத் தொடங்கினார். சிவதர்ஷனுக்கு விளங்கும். மனைவியை இழந்த போன வருடத்திலிருந்து நன்றாக விளங்கும். அது இந்த வழக்கில் இல்லை என்பதால் பட்டையைப் பார்த்தான்.

சாம்பல் கலந்த நீலம். அடுத்து கருங்கல் நிறம். பிறகு ஓர் இளம்பச்சை. பிறகு பழுத்த மஞ்சள். கடைசியில் சேற்றுப் பழுப்பு.

"மேலயிருந்து கீழ வாசிச்சா வானம், மலை, வெள்ளாமை, சேறு," என்றான். "வாவிக்கு இங்கால எழுவான்கரையில மலை இல்லை. வாவிக்கு அங்கால, படுவான்கரைதான்."

"வெல்லாவெளி." மூர்த்தியின் குரல் மாறியது. "அங்க இவட கூட்டாளி ஒருத்தி இருக்காள். எனக்கு முதல்லயே தெரியும், அவள்தான் புத்தி சொல்லிக் குடுக்கிறாள்."

"நாங்க போய்ப் பாக்கிறம். நீங்க வழமைபோல வீட்டில நில்லுங்க. அவ போன் எடுத்தா ஆராவது இருக்கோணும்."

"ஏலாது. இண்டைக்கு நானும் வாறன். அந்த வீட்டுக் கதவு நான் தட்டினாத்தான் திறக்கும்."

அவர் தன் வான் வண்டியை எடுத்தார். ஓட்டோ பின்னால் போனது. காத்தான்குடி நெரிசலில் வானைத் தவறவிட்டார்கள். செட்டிபாளையத்தில் பிடித்தார்கள். பட்டிருப்புப் பாலத்தில் மறுபடி தவறவிட்டார்கள். மூர்த்தி ஒவ்வொரு சந்தியிலும் போன் எடுத்து, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"இவர் பொஞ்சாதிக்கும் இப்பிடித்தான் போன் எடுத்திருப்பார்," என்றார் சீனித்தம்பி. "நான் எண்டாலும் ஓடியிருப்பன்."

"றோட்டைப் பாருங்க அண்ணன்."

"றோட்டு எங்கயும் ஓடேல்ல மனே. அது கிடக்கு."

வெல்லாவெளியில் அறுவடை. இரண்டு பக்கமும் வயல் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. வெட்டும் இயந்திரங்கள் தூசியைக் கிளப்பிக்கொண்டு ஊர்ந்தன. தூரத்தில் ஒரு கருங்கல் மலை இருந்தது. அதைக் கண்டதும் சிவதர்ஷனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கூட்டாளியின் வீட்டு வாசலில் அது போனது.

மூர்த்தி கேற்றைத் தட்டவில்லை. காலால் உதைத்தார். தகரக் கேற் நடுவில் மடிந்தது. உள்ளேயிருந்து ஓர் அம்மா கையில் அகப்பையுடன் வந்தார். கூட்டாளியின் தாய் ஆச்சிப்பிள்ளை.

"ஆரது? என்னத்துக்கு உதைக்கிறாய்?"

"எங்க கஜானி?"

"அவளை இஞ்ச வந்து கேக்கிறாய். என்ட மகள் கட்டாருக்குப் போய் எவ்வளவு காலம். கேற்றுக்கு ஆர் பதில் சொல்றது?"

"பொய். ஒளிச்சு வச்சிருக்கிறீங்க." மூர்த்தி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அறைகளைத் திறந்து அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "வெள்ளிக்கிழமை உறுதிப்பத்திரம் எழுத நொத்தாரிசு வாறார். வாங்கிற ஆளும் வாறான். அவள்ட கையெழுத்து விழாம அந்த வீட்ட விக்க ஏலாது. அவள் கையில கிடைக்கட்டும், எப்பிடிக் கையெழுத்து வைக்க வைக்கிறது எண்டு எனக்குத் தெரியும்."

கோயில் விஷயம் அதுதான்.

சிவதர்ஷன் கேற்றைத் தாண்டி வந்தான். ஆச்சிப்பிள்ளை அகப்பையோடு வாசலிலேயே நின்றார். சீனித்தம்பி குனிந்து மடிந்த தகரத்தை நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிரவில்லை. மூர்த்தி அயல் வீடுகளில் விசாரிக்கப் போய்விட்டார்.

இருவரும் வயல் வரம்பில் நின்றார்கள். வெயில் தலையில் இறங்கியது. மூன்றாவது தடவையும் தவறு. அதைவிட மோசம், இந்த முறை தவறான ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஒரு கேள்வி கேட்கவா மனே?" என்றார் சீனித்தம்பி.

"பகிடி எண்டா வேணா."

"அந்த நாவற்குடா வீடு ஆருட?"

"கஜானிட. சீதன வீடு."

"எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருக்கிறவர். அப்ப சண்டை வந்தா வெளிய போறது ஆர்?"

"ஆம்பிளை."

"எனக்கு இது பாடம். என்ட மனிசி ஏசினா நான் ஓட்டோக்குள்ள படுப்பன். வீட்டுக்காரி எங்க போறது, அவட வீடு அது. இஞ்ச மாறி நடந்திருக்கு. வீட்டுக்காரி வெளிய. வந்தவர் உள்ள, ஏசி மெசினைப் போட்டுக்கொண்டு. சண்டையில போனவ எண்டு அவர் சொன்ன நேரமே எனக்குத் தொண்டைக்குள்ள முள்ளு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க படிச்ச ஆள். பட்டை வாசிச்சுக்கொண்டு இருந்தீங்க."

சிவதர்ஷன் போனை எடுத்தான். கஜானியின் கணக்கை அதிலும் திறந்துவைத்திருந்தான். பட்டையைப் பெரிதாக்கி வயலுக்கு நேரே பிடித்தான். மஞ்சள் பொருந்தியது. மலை ஓரளவு பொருந்தியது. பச்சைக்குச் சுற்றிவரப் பார்த்தான்.

"பச்சை எங்க அண்ணன்?"

"எந்தப் பச்சை?"

"இந்த இளம்பச்சை. முளைச்சுப் பத்துப் பதினைஞ்சு நாள் பயிர்."

சீனித்தம்பி போனைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், பிறகு சிவதர்ஷனைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த மாசத்திலயா? ஒரு வட்டை வயலுக்கு ஒரு விதைப்பு மனே. கூட்டம் வச்சு, நாள் குறிச்சு, வாய்க்கால் திறந்தா வட்டை முழுக்க ஒண்டா விதைக்கும், ஒண்டாப் பழுக்கும். ஒருத்தண்ட பழுத்து நிக்கக்குள்ள பக்கத்தில ஒருத்தண்ட முளைச்சு நிண்டா, வட்டைக்குப் பொறுப்பான விதானை வந்து காதைத் திருகுவார்."

"அப்ப மஞ்சளும் பச்சையும் ஒரு படத்தில வராது."

"படம் பிடிச்சவருக்கு மாறுகண் எண்டா வரும்."

சிவதர்ஷன் சிரிக்கவில்லை. நிறங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். காலையிலேயே பார்த்திருக்க வேண்டியது. ஒரே படத்திலிருந்து எடுத்த நிறங்கள் எல்லாவற்றிலும் ஒரே வெளிச்சம் ஒட்டியிருக்கும். மாலை என்றால் பச்சையிலும் கொஞ்சம் செம்மை இருக்கும். இந்தப் பச்சை உச்சி வெயிலில் நின்று எடுத்தது, நீலம் கலந்து வெளிறியிருந்தது. மஞ்சளில் விளக்கு வெளிச்சம்போல ஒரு சிவப்பு. ஒரே பட்டையில் இரண்டு வெயில்.

"இது ஒரு இடமே இல்லை," என்றான். "ஒட்டுப் போட்ட பட்டை. வேற வேற படத்தில நிறம் பொறுக்கி, வானம், மலை, வயல் மாதிரித் தெரிய அடுக்கியிருக்கா."

"ஆருக்குத் தெரிய?"

அதுதான் கேள்வி. அவளுடைய பழைய பட்டைகளை நினைத்தான். கொண்டை, இறால், காம்பு, சாறன். கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பவை. அவள் ஒருநாளும் காட்சி எடுத்தவளில்லை. துறைமுகம், கடற்கரை, வயல் மூன்றும் அவள் கை அல்ல, மூன்றுக்கும் பெயரும் இல்லை. பெயர் வைக்காதது நேரம் இல்லாததால் அல்ல. அவை சேலைக்கு எடுத்த பட்டைகள் அல்ல.

"டெப்பைக் கொண்டுபோனவ கொம்பியூட்டரில அந்தக் கணக்கை மூடேல்ல," என்றான். "மூடாம விட்டது மறதியில இல்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார் எண்டு தெரியும். மூண்டு பட்டையும் அவருக்கு. வாழைச்சேனைக்குப் போ, களுவன்கேணிக்குப் போ, வெல்லாவெளிக்குப் போ."

"ஓடிப்போன பொம்பிளை புருசனுக்கு ஏன் வழி காட்டுறா?"

"அவரை வீட்டை விட்டு எடுக்கிறா. வீடு வெறுமையா வேணும் அவவுக்கு."

சீனித்தம்பி விசிலடித்தார். பிறகு நிறுத்தினார். "அப்ப முதல் ரெண்டு தரமும் போயிருக்கவேண்டியவர் அவர். நீங்க வீட்டில நில்லுங்க, போன் வரும் எண்டு சொன்னது ஆர்?"

சிவதர்ஷன் சப்பாத்தால் வரம்பு மண்ணைக் கிளறினான்.

"நான் சொல்லமாட்டன். ஓட்டோவில கண்ணாடி கிடக்கு, போய்ப் பாருங்க."

மூர்த்தி வியர்வையுடன் வந்தார். "ஒருத்தனும் காணேல்ல எண்டிறான். சேர், இனி என்ன செய்யுறது? திரும்புவமா?"

திரும்புவமா என்ற சொல் வெயிலில் நின்றது. சிவதர்ஷன் போனை உயர்த்தி, காலையில் வைத்திருந்த அதே முகத்தை வைத்துக்கொண்டான். அது கஷ்டமாக இருக்கவில்லை. அவனுக்கு எந்த முகமும் இப்போதெல்லாம் கஷ்டமில்லை.

"நான்தான் பிழையா வாசிச்சிட்டன். மேல இருக்கிற சாம்பல் வானமில்ல, தண்ணி. பெரிய குளம். குளத்துக்கு அங்கால மலை. நவகிரிப் பக்கம்."

"பச்சை?" மூர்த்தி சந்தேகத்தோடு பட்டையை எட்டிப் பார்த்தார். "இஞ்ச பச்சை இல்லையே."

"அங்க பிந்தித்தான் விதைச்சது சேர்," என்றார் சீனித்தம்பி, கண்ணிமைக்காமல். "யானை வந்து அழிச்சு, மறுகா விதைச்சவங்க. என்ட சகலன் சொன்னவன்."

"நீங்க வரேல்லையா?"

"ஓட்டோக்குக் காத்து இல்லை. நீங்க முன்னுக்குப் போங்க. போனில இருக்கிறம்."

வான் தூசிக்குள் மறைந்தது.

"உங்களுக்குச் சகலன் இருக்கா?" என்று கேட்டான் சிவதர்ஷன்.

"என்ட மனிசி ஒரே பிள்ளை."

நாவற்குடாவுக்குத் திரும்பியபோது வீட்டுக் கேற் திறந்திருந்தது. விறாந்தையில் ஒரு தச்சன் முன்கதவுப் பூட்டைக் கழற்றிக் கீழே போட்டிருந்தான். கதிரையில் கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். தச்சனுக்குப் பக்கத்தில் நின்ற மற்றவளைப் படத்தில் பார்த்திருந்தான். கஜானி. படத்தில் இடது புருவத்தின்மேல் அந்தக் காயம் இல்லை.

ஓட்டோவைக் கண்டதும் அவள் ஒரு சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

"அவர் நவகிரிக்குப் போறார்," என்றான் சிவதர்ஷன் கேற்றிலேயே நின்று. "நான்தான் அனுப்பின."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். சுத்தியலை வைக்கவில்லை. "நீங்கதானா அந்தத் துப்பறியிறவர்?"

"ஓம்."

"வாழைச்சேனைக்கு நீங்க மட்டும் போனீங்க. களுவன்கேணிக்கும் நீங்க மட்டும். நான் சந்தியில முக்காடு போட்டுக்கொண்டு நிண்டு பாக்கிறன், இவர் யன்னலுக்குள்ள குந்திக்கொண்டு இருக்கார். ரெண்டு நாள் வீண். உங்களை ஆர் கூப்பிட்ட?"

"நீங்க போன் எடுத்தா ஆள் வேணும் எண்டு அவரை நிக்கச் சொன்னன்."

"என்ட போன் அவர்ட சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடக்கு. அதைப் பறிச்ச பிறகுதான் இது." புருவத்தைத் தொட்டாள். "பின்பக்கம் குசினிக் கதவால டெப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினன்."

சீனித்தம்பி ஓட்டோவின் கண்ணாடியை மெதுவாகச் சிவதர்ஷன் பக்கம் திருப்பினார்.

"இவ எங்கட கொட்டகையிலதான் நிண்டவ," என்றாள் கதிரையில் இருந்தவள். நெசவுக் கொட்டகையின் சொந்தக்காரி சபீனா. "காலையில உங்கட ஓட்டோ வாசலால போகக்குள்ள நாங்க தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தம்."

"பொலிசுக்குப் போயிருக்கலாம். சொந்தக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம்."

"அவர் உள்ளுக்கு இருக்கக்குள்ள ஆர் வந்தாலும் புருசன் பொஞ்சாதிச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்க எண்டு சொல்லிட்டுப் போவாங்க," என்றாள் கஜானி. "நான் உள்ள, அவர் வெளிய எண்டு ஆக்கினாத்தான் வீடு ஆருட எண்ட கேள்வியை ஆரும் கேப்பாங்க. மாமன்மார் வாகரையிலயிருந்து வந்துகொண்டு இருக்காங்க. அவங்க வந்து விறாந்தையில குந்தும்வரை பூட்டு நிக்கோணும்."

சிவதர்ஷனுக்கு ஒன்று கேட்டே ஆகவேண்டியிருந்தது. "அந்த வெல்லாவெளிப் பட்டை. பச்சை பிழை. மஞ்சளோட பச்சை ஒரு வட்டையில வராது."

"என்ன வட்டை? பச்சை சபீனாட நூல், வெயிலில காய்ஞ்சது. மஞ்சள் கொட்டகைச் சுவர், லைட் வெளிச்சத்தில. நீலம் சாயப் பீப்பா."

"மலை?"

"இவட வாப்பாட சைக்கிள் சீற்."

சீனித்தம்பி வாயைக் கையால் மூடிக்கொண்டு வாவிப் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின. ஒரு சைக்கிள் சீற்றைத் தேடி வெல்லாவெளி வரை போய்வந்த சிவதர்ஷன் சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டினான். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

போன் அடித்தது. மூர்த்தி.

கஜானியின் முகத்திலிருந்து கோபம் போய்விட்டது. அதற்குக் கீழே இருந்த பயம் தெரிந்தது. தச்சன் புதிய பூட்டின் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். சிவதர்ஷன் முறுக்கு என்று அவனுக்குச் சைகை காட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தான்.

"சேர், குளம் வந்திட்டுது," என்றது குரல். "மலையும் கிடக்கு. பச்சையைத்தான் காணேல்ல. திரும்பி வரவா?"

கஜானி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு தூரம் போய்த் திரும்புறதா?" என்றான் சிவதர்ஷன். "குளக்கட்டால இன்னும் உள்ளுக்குப் போங்க. றோட்டு முடியிற இடம் மட்டும் போய்ப் பார்த்திட்டு எடுங்க."

தச்சன் புதிய பூட்டின் திறப்பை நீட்டினான். கஜானி அதை வாங்கி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு ஒருமுறை சுற்றியது, திறந்தது, மறுபடி சுற்றியது.